வீட்டுக்கு ஒரு காற்றாலை

ஆடி பிறந்துவிட்டால் கருமத்தம்பட்டியில் எவரும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. மேற்கேயிருந்து வரும் காற்று, கொடியில் உலர்த்திய வேஷ்டியைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ச் சேர்த்து மாதத்தைச் சொல்லிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததைக் கண்டவர் ஒருவரையும் நாம் சந்தித்ததில்லை. ஆனால் தகரக் கொட்டகையின் கூரை பறந்ததைக் கண்டவர்கள் இங்கே அநேகர்.

இந்தக் காற்றுக்குக் காரணம் மேற்கு மலையில் உள்ள ஒரு வாசல். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, நெடுஞ்சுவர் இடிந்து விழுந்தாற்போல், 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரையில் அரபிக் கடலிலிருந்து புறப்படும் தென்மேற்குப் பருவக் காற்று, மதகு திறந்ததும் சீறிப் பாயும் ஏரித் தண்ணீரைப் போல், இந்த வாசல் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. பல்லடம், கேத்தனூர், பூளவாடி, உடுமலை பக்கம் பிரயாணம் செய்கிறவர்கள், சாலையின் இருபுறமும் வானளாவ நின்று சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். 1990-க்குப் பின் கோயமுத்தூர் நூற்பாலைக்காரர்கள் தங்கள் ஆலைகளின் மின்சாரத்துக்கென்றே நிறுத்தியவை அவற்றில் பல. தமிழ்நாடு முழுவதிலும் உள்ள காற்றாலைகளின் மொத்த சக்தி இன்று 10,000 மெகாவாட்டுக்கும் அதிகம்.

இதையெல்லாம் பார்க்கும் குடித்தனக்காரருக்கு ஓர் ஆசை பிறப்பது இயல்பே. சோமனூருக்குப் போகும் வழியில் தோட்டக்காரர் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார்:

"ஏனுங்க வாத்தியாரே, அந்தப் பெரிய காத்தாடி மில்லுக்கே கரண்டு குடுக்குதுங்க. சின்னதா ஒண்ணு நம்ம தோட்டத்துச் சாளையில வெச்சா, ஊட்டு வெளக்குக்கு ஆகாதுங்களா?"

"ஆகலாமுங்க. ஆனால் அதை எம்மைக் கேட்டால் போதாது. உங்கள் தோட்டத்துக் காற்றைத்தான் கேட்க வேண்டும்" என்றோம்.

அவர் சிரித்துவிட்டார். நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வீட்டுக் காற்றாலை என்பது வீட்டுப் பணத்தில் ஒரு பெருந்தொகையை விழுங்கும் வஸ்து. காற்றைக் கேட்காமல் வாங்கினால், அது மாடியின் மேல் நிற்கும் விலையுயர்ந்த திருஷ்டிப் பொம்மையாகிவிடும். கேட்டு வாங்கினால், அல்லது கேட்டுக் கையாலேயே செய்தால், பல வருஷங்கள் விளக்கெரிக்கும். எப்படிக் கேட்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உபாத்தியாயர்கள் தொடங்கிய வேலை

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் வித்தை பெரிய கம்பெனிகளில் பிறக்கவில்லை. அது ஒரு வீட்டுத் தோட்டத்தில் பிறந்தது. அதுவும் ஓர் உபாத்தியாயரின் தோட்டத்தில். கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் என்பவர் 1887-ஆம் வருஷம், ஸ்காட்லாந்தில் மேரிகர்க் என்னும் கிராமத்திலிருந்த தமது விடுமுறை வீட்டில், துணிப் பாய் கட்டிய ஒரு காற்றாலையை நிறுத்தினார். அதன் மின்சாரத்தைப் பாட்டரியில் சேமித்து வீட்டு விளக்குகளை ஏற்றினார். மிஞ்சிய மின்சாரத்தைக் கிராமத்துத் தெரு விளக்குக்குத் தருவதாகவும் சொன்னார். ஊரார், "இது பிசாசின் வேலை" என்று வேண்டாமென்று விட்டார்கள்!

அடுத்த வருஷமே அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துச் செல்வர் சார்லஸ் பிரஷ் தமது மாளிகைத் தோட்டத்தில் 17 மீட்டர் குறுக்களவுள்ள ராட்சத யந்திரம் ஒன்றை அமைத்தார். அதற்கு 144 மர இறக்கைகள். இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் கிடைத்தது 12 கிலோவாட்தான். அதே அளவு வட்டத்தில் இன்றைய மூன்று இறக்கை யந்திரம் ஐந்து மடங்குக்கு மேல் தரும். இறக்கை அதிகமானால் யந்திரம் பலமாக, ஆனால் மெதுவாகச் சுற்றும். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க அது ஏற்றது. மின்சாரத்துக்கோ வேகம் வேண்டும்.

இந்த உண்மையைச் சோதித்து நிலைநாட்டியவரும் ஓர் உபாத்தியாயரே. டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்ற ஊரின் கிராமக் கலாசாலையில் ஆசிரியராயிருந்த பால் லா கூர், 1891-இல் பள்ளியிலேயே காற்றாலை நிறுவி, சில இறக்கைகள் வேகமாகச் சுற்றுவதே மேல் என்று கண்டார். கிராமத்து இளைஞர்களுக்கு மின்சாரத் தொழிலும் கற்றுக்கொடுத்தார். அந்நாட்டில் அப்படி வேரூன்றிய தொழிலின் வாரிசுகளே, சென்ற நூற்றாண்டின் கடைசி இருபது வருஷங்களில் நமது நாட்டுக்கு வந்த டென்மார்க் தேசத்துக் காற்றாலைகள்.

நமது ஜில்லாவில் கதை வேறு விதமாக நடந்தது. 1932-இல் பைகாரா அருவியின் மின்சாரம் மலையிலிருந்து இறங்கியது. பஞ்சாலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. கம்பி முதலில் வந்துவிட்டபடியால் காற்றை எவரும் நினைக்கவில்லை. 2012-ஆம் வருஷத்து மின்வெட்டில் தறிகள் நாளில் பல மணி நேரம் ஓய்ந்து கிடந்தபோதுதான், "நமக்கென்று சொந்தமாக ஒரு வழி இருந்தால்!" என்ற எண்ணம் வீடுதோறும் எழுந்தது.

காற்றின் கணக்கு

கணக்கு என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இரண்டே விதிகள்தான்.

முதல் விதி: காற்றின் வேகம் இரு மடங்கானால், அதிலுள்ள சக்தி இரு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்காகிறது. விநாடிக்கு 4 மீட்டர் வேகமுள்ள காற்றில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் இருப்பது சுமார் 37 வாட். 8 மீட்டர் வேகக் காற்றில் அதே பரப்பில் சுமார் 295 வாட். ஆகவே வருஷம் முழுவதும் வீசும் மந்த மாருதத்தைக் காட்டிலும் ஆடி மாதத்துச் சில வாரக் காற்று அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

இரண்டாம் விதி: இறக்கையின் நீளம் இரு மடங்கானால், அது சுற்றும் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும், மின்சாரமும் அவ்வாறே. இறக்கை எத்தனை என்பதும், அதன் வர்ணமும் வளைவும் இரண்டாம் பட்சம். எவ்வளவு பெரிய வட்டத்தால் காற்றை அள்ளுகிறோம் என்பதே பிரதானம்.

அள்ளும் காற்று முழுவதையும் மின்சாரமாக்கவும் முடியாது. காற்றின் சக்தியில் 100-க்கு 59 பங்குக்கு மேல் எந்த யந்திரமும் எடுக்க இயலாது என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி பெட்ஸ் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிரூபித்துவிட்டார். சிறிய யந்திரங்கள் நடைமுறையில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு கொடுத்தால் நன்று.

விளம்பரப் பலகையிலுள்ள எண்

இந்த இரண்டு விதிகளையும் மடியில் முடிந்துகொண்டு கடைக்குப் போகலாம். "1000 வாட் காற்றாலை" என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். எந்த வேகத்தில் 1000 வாட் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் விநாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அது மரங்களை ஆட்டிப் படைக்கும் காற்று. நமது ஊரில் எப்போதாவது வருவது. அதில் பாதி வேகம் வீசும் நாளில் அந்த 1000 வாட் 125 வாட்டாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. அதற்கு ஒரு டேப் போதும். நான்கு அடி குறுக்களவுள்ள ஒரு யந்திரத்தை 1000 வாட் என்று ஒருவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 11 மீட்டர் வேகக் காற்றில் அந்த நான்கு அடி வட்டத்துக்குள் இருக்கும் சக்தி முழுவதுமே 900 வாட்டுக்குக் குறைவு. அதில் பெட்ஸ் விதிப்படி எடுக்கக்கூடிய உச்சம் 530 வாட். இருப்பதற்கு மேல் எடுப்பதாகச் சொல்கிறவரிடம் வாதம் செய்ய வேண்டியதில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

செங்குத்தாக நின்று பம்பரம் போல் சுழலும் யந்திரங்களையும் இன்று அதிகம் விற்கிறார்கள். அவை எத்திசைக் காற்றிலும் சுழலும், பார்வைக்கும் அழகு. ஆனால் பீப்பாயை இரண்டாகப் பிளந்து செய்தாற்போன்ற வகை மெதுவாகச் சுற்றுவது. ஒரே அளவு பரப்புக்குச் சாதாரண மூன்று இறக்கை யந்திரத்தைவிட மிகக் குறைவாகவே தரும். பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சிக்கு அது உகந்தது. வீட்டு விளக்குக்கு நாம் சிபார்சு செய்ய மாட்டோம்.

மாடியா, தோட்டமா?

காற்று நேராக ஓடும் வரையில்தான் உபயோகம். வீடும் மரமும் குறுக்கிட்டால், பாறையில் மோதிய ஆற்று நீரைப்போல் அது சுழித்துத் தடுமாறுகிறது. ஒரு கட்டடத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு உயரம் வரையிலும், அதற்குப் பின்னே இருபது மடங்கு தூரம் வரையிலும் இந்தக் குழப்பம் இருக்கும்.

எமது மாணவர்கள் இதை ஒரு மூங்கிற் கழியும் துணி நாடாவும் கொண்டே கண்டுபிடித்தார்கள். பள்ளி மாடியில் கட்டிய நாடா அரை நிமிஷத்தில் நான்கு திசையும் காட்டிவிட்டுக் கழியையே சுற்றிக்கொண்டது. திறந்த காட்டில் உயரக் கட்டியது ஒரே திசையில் நீண்டு நின்றது. "மாடிக் காற்றுக்குப் புத்தி நிலையில்லை, சார்" என்றான் ஒரு பையன். இதைவிடச் சுருக்கமாக நம்மால் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் 2007-ஆம் வருஷம் தொடங்கி, வீடுகளின்மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை ஒரு வருஷம் அளந்து பார்த்தார்கள். வார்விக் சோதனை என்று அதற்குப் பெயர். பழுதாகி நின்ற நாட்களையும் சேர்த்து, ஒரு யந்திரம் நாளொன்றுக்குச் சராசரியாகத் தந்தது 214 வாட்-மணி. அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு! காற்றுக்குப் பெயர்போன தீவிலேயே மாடியின் கதி இதுவானால், நமது ஊரின் நெருங்கிய தெருக்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அன்றியும், சுழலும் யந்திரத்தின் அதிர்ச்சி சுவருக்கும் ஆகாது. இரவில் தூங்குகிறவர்களுக்கும் ஆகாது.

ஆகவே தோட்டமே இடம். அங்கும் ஒரு நிபந்தனை: சுற்றிலும் 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள மரம், கட்டடம் எல்லாவற்றையும்விடக் குறைந்தது 10 மீட்டர் உயரத்தில் இறக்கை சுழல வேண்டும். நமது தோட்டங்களில் தென்னை 15 மீட்டர் உயரம் வளர்ந்து நிற்கிறது. அங்கே கோபுரம் 25 மீட்டராக வேண்டும். யந்திரத்தின் விலைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ கோபுரத்துக்கே செலவாகலாம். இது வீண் செலவன்று. 10 மீட்டரிலிருந்து 30 மீட்டர் உயரத்துக்குப் போனால், திறந்த வெளியில் காற்றின் வேகம் சுமார் ஆறில் ஒரு பங்கு கூடும். முதல் விதிப்படி சக்தி ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும்.

காற்றை அளந்த அம்மையார்

"எங்கள் தோட்டத்தில் நல்ல காற்று" என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல காற்று என்பது எண்ணாக மாற வேண்டும். இந்த நாட்டில் அதைச் செய்துகாட்டியவர் அன்னா மாணி என்ற அம்மையார். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் ஸர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். சுதந்திரத்துக்குப் பின், வானிலைக் கருவிகளுக்கு அயல் நாட்டை எதிர்பார்த்திருக்கலாகாது என்று சுமார் 100 கருவிகளுக்கு வரைபடங்கள் தயாரித்து இங்கேயே செய்வித்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் நாடெங்கும் காற்றை அளக்கும் வேலையை நடத்தினார். 1983-இல் அவர் மற்றொருவருடன் சேர்ந்து வெளியிட்ட காற்றுப் புள்ளிவிவரத் தொகுதி, பின்னால் வந்த காற்றாலைகளுக்கெல்லாம் வழிகாட்டியது. முதலில் அளவுகோல், பிறகே யந்திரம் என்பது அவர் கற்றுத்தந்த பாடம்.

குடும்பஸ்தருக்கும் அதே பாடம். கிண்ணங்கள் சுழன்று வேகம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி, உயர்ந்த குழாயில் பொருத்தி, ஒரு வருஷம் குறித்து வரலாம். அதற்கு முன் கண்ணாலும் ஓரளவு மதிப்பிடலாம். இலைகள் சலசலத்தால் காற்று விநாடிக்கு 3 மீட்டருக்குள். யந்திரம் அப்போதுதான் கண் விழிக்கும். சிறு கிளைகளும் இலைகளும் ஓயாமல் ஆடி, கொடித்துணி விரிந்து பறந்தால் 3 முதல் 5 மீட்டர். புழுதியும் காகிதமும் எழும்பிப் பறந்தால் 5 முதல் 8 மீட்டர். அப்போதுதான் மின்சாரம் பெருகும். கருமத்தம்பட்டி கணவாயின் நேர் எதிரே இல்லாமல் வடகிழக்கே தள்ளியிருக்கிறது. கேத்தனூர்க் காற்றை நம்பி இங்கே முதல் போடக்கூடாது.

3 மீட்டர் குறுக்களவுள்ள நல்ல யந்திரம் ஒன்று, வருஷச் சராசரி வேகம் 5 மீட்டராயிருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரலாம். சராசரி 3 மீட்டரானால் 1 யூனிட்கூடத் தேறாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன.

கையால் செய்வோருக்கு

1937-இலேயே ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டார் செய்தளித்த ஜில்லா இது. லேத் பட்டறையும், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையும் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே, "நாமே செய்தால் என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு உற்சாகமே சொல்வோம்.

பழைய மோட்டாரையோ, கார் டைனமோவையோ மாட்டினால் போதும் என்று நினைக்கவேண்டாம். 3 மீட்டர் குறுக்களவுள்ள இறக்கை 5 மீட்டர் காற்றில் நிமிஷத்துக்கு 190 சுற்றுத்தான் சுற்றும். கிணற்று மோட்டாரின் வேகமோ 1440. மெதுவாகச் சுற்றும்போதே மின்சாரம் தரும் யந்திரம் வேண்டும். ஸ்காட்லாந்தில் மின்கம்பி எட்டாத ஸ்கோரெய்க் என்ற தீபகற்பத்தில் வசிக்கும் ஹ்யூ பிகாட் என்பவர் இதற்கென வகுத்த முறையை உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். இரண்டு இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் வட்டமாக 12 நியோடிமியம் காந்தங்கள். நடுவில் பிசினில் வார்த்த 9 செப்புக் காயில்கள். தாங்குவதற்குக் கார்ச் சக்கரத்தின் ஹப். இறக்கை மூன்றும் மரத்தில் செதுக்கியவை. நுனியில் தட்டையாகவும் அடியில் முறுக்கியும் இருக்கும். மூன்றும் எடையில் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் அதிர்ந்தே கோபுரத்தை முறித்துவிடும்.

மூன்று காப்புகளை மறக்கலாகாது. முதலாவது, வால். அதைச் சாய்வான கீலில் மாட்டினால், பெருங்காற்றில் யந்திரம் தானே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆடிக் காற்றுக்கு இதுவே கவசம். இரண்டாவது, பாட்டரி நிறைந்ததும் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கிச் செலவிடும் கம்பிச் சுருள். பாரம் இல்லாத காற்றாலை கடிவாளமற்ற குதிரை. மூன்றாவது, இடி தாங்கும் நில இணைப்பு. கோபுரமும், ஏறாமலே சாய்த்து இறக்கிப் பழுது பார்க்கும்படி, கம்பிகளால் இழுத்துக் கட்டியதாக இருக்கட்டும். விழுந்தால் எட்டும் தூரத்துக்குள் வீடோ மாட்டுத் தொழுவமோ இருக்கக் கூடாது. காந்தங்களைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். இரண்டு சேர்ந்தால் விரலை நசுக்கிவிடும். மின்வாரியத்தின் அனுமதியின்றி வீட்டுக் கம்பியில் இணைப்பதும் பெருங்குற்றம். மின்சாரம் நின்றதென்று நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிர் நமது யந்திரத்தால் போகலாம்.

சூரியனுடன் கூட்டு

இனி வரவு செலவு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் 2016 முதல் நமது ராஜ்யத்தில் இலவசம். அதற்குள் காலம் தள்ளும் குடும்பத்துக்குக் காற்றாலை ஒரு காசும் மிச்சம் பிடித்துத் தராது. மின்கம்பி உள்ள வீட்டுக்குச் சூரியத் தகடே முதல் மரியாதைக்குரியது. ஒரு கிலோவாட் தகடு இப்பகுதியில் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் அளவில் தருகிறது. அதில் சுழலும் உறுப்பு இல்லை, ஓசையும் இல்லை.

ஆனால் தகட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஆனியிலும் ஆடியிலும் மேற்கு மேகம் கவிந்து சூரியன் சோர்ந்திருக்கும்போதுதான் காற்று எழுகிறது. தை, மாசியில் காற்று அடங்கும்போது வெயில் காய்கிறது. இரவில் தகடு உறங்கும். காற்றுக்கு அந்த நியதி இல்லை. கம்பி எட்டாத தோட்டத்துச் சாளைக்கும், கம்பம் நட்டு இழுத்து வரப் பெருந்தொகை கேட்கும் காட்டு வீட்டுக்கும், தகடும் சிறு காற்றாலையும் ஒரே பாட்டரியில் கூடி உழைப்பது சாலச் சிறந்தது. ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் ஏர் பிடிக்கும் அண்ணன் தம்பி மாதிரி.

விலைக்கு வாங்குகிறவர்கள், சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்று சக்தி நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. அதன் கயத்தாறு நிலையத்தில் சிறு காற்றாலைகளையும் சோதிக்கிறார்கள். சோதனையில் தேறிய யந்திரமா, எந்த வேகத்தில் எத்தனை வாட், வருஷத்துக்கு எத்தனை யூனிட், பழுதானால் உதிரிப் பாகம் யார் தருவார் என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் பெறாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பெரியோர் சொன்னார்கள். களத்தில் முறம் எடுப்பதற்கு முன், ஒரு பிடி பதரை மேலே வீசி, காற்று எப்பக்கம், எவ்வளவு என்று பார்க்காத குடியானவர் இல்லை. அந்தப் பழைய புத்தியே இந்தப் புதிய யந்திரத்துக்கும் போதும். வரும் வைகாசிக்குள் தோட்டத்தில் ஓர் உயர்ந்த குழாயை நட்டு, அதன் உச்சியில் அளவு கருவியை ஏற்றுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து நாள்தோறும் குறிக்கச் சொல்லுங்கள். வருஷம் முடிந்ததும் காற்றாலை வாங்குவதா, சூரியத் தகட்டோடு நின்றுவிடுவதா என்பதை அந்த நோட்டுப் புத்தகமே சொல்லும். எந்தப் பதில் வந்தாலும், பணமும் பிள்ளைகள் கற்ற பாடமும் வீட்டிலேயே தங்கும்.